பயிருக்குள் இருக்கும் காவல்காரர்கள்

"ஒரே வயல். ஒரே தண்ணி. ஒரே நாள்ல நட்டது. இந்தப் பக்கம் இருக்கிற ரகம் தீ வச்ச மாதிரி கருகிப் போச்சு. அந்தப் பக்கம் இருக்கிறதுக்கு ஒண்ணுமே ஆகலையே, ஏன்?"

குலைநோய் வருகிற ஒவ்வொரு பட்டத்திலும் நம் பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி எழும். "அதுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது கேள்வியையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வதுதான். எதிர்ப்புச் சக்தி என்பது என்ன? பயிரில் அது எங்கே இருக்கிறது? அதை நாம் தெளித்துக் கொடுக்க முடியுமா, விதையோடுதான் வர வேண்டுமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், எந்த விதையை வைத்துக்கொள்வது, எந்த இடுபொருளிடம் எதை எதிர்பார்ப்பது என்று கடைக்காரரிடம் கேட்காமல் நாமே முடிவு செய்யலாம். அதற்காகத்தான் இந்தப் பாடம். நெல்லின் குலைநோயை வைத்தே சொல்கிறேன். நம் எல்லோருக்கும் கண்ணால் பார்த்துப் பழகிய நோய் அது.

ஒவ்வொரு செல்லும் ஒரு காவல் நிலையம்

நமக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சண்டை போடும். ஒருமுறை வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே புதிதாக எதிர்ப்புப் புரதம் செய்யும். தடுப்பூசி வேலை செய்வது இந்த ஞாபகத்தால்தான்.

வகுப்பில் ஒரு அம்மா கேட்டார்: "மனுசனுக்கு ஊசி போடுற மாதிரி பயிருக்கும் போட முடியாதுங்களா?" நல்ல கேள்வி. பயிருக்கு ரத்தம் கிடையாது, ஓடிப் போய்ச் சண்டை போடும் அணுவும் கிடையாது. இலையில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு செல்லும் தனக்கென்று காவல்காரர்களை வைத்திருக்கிறது. இந்தக் காவல்காரர்களைத்தான் விஞ்ஞானத்தில் 'ஏற்பிப் புரதங்கள்' என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அடையாளத்தை ஏற்று உள்ளே சேதி சொல்வதால் ஏற்பி என்று பெயர்.

இந்தக் காவல்காரர்கள் யாரையெல்லாம் கண்டுபிடிப்பார்கள் என்பது விதையிலேயே எழுதி வந்துவிடுகிறது. நம் உடம்பைப் போலப் புதிய எதிரிக்குப் புதிய காவல்காரரைப் பயிர் அந்தப் பட்டத்துக்குள் செய்துகொள்ளாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பாடத்தின் கடைசி வரை இது வரும்.

திருடன் எப்படி வருகிறான்

குலைநோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சாணம். அதன் வித்து காற்றில் பறந்து வந்து இலையில் ஒட்டிக்கொள்ளும். இரவில் 20 டிகிரியை ஒட்டிய குளிர், மணிக்கணக்கில் காயாத பனி, இரண்டும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கார்த்திகை, மார்கழியில் நாம் பயப்படுவது இதனால்தான்.

வித்து முளைத்ததும் நுனியில் கறுப்பான ஒரு சின்னக் குமிழ் உருவாகும். அதற்குள் தண்ணீரை இழுத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல சுமார் 40 மடங்கு அழுத்தம். அந்த வேகத்தில் ஊசி மாதிரி ஒரு முளையை இலைக்குள் குத்தி இறக்கிவிடும். கடப்பாரையால் சுவரைத் துளைக்கிற திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைத் துளைத்ததால் திருட்டு முடிந்துவிடவில்லை. உள்ளே உயிரோடு இருக்கிற செல்லுக்குள் சத்தமில்லாமல் வளர்ந்து, நாலைந்து நாள் கழித்துத்தான் இலையில் புள்ளி தெரியும். அந்த நாலைந்து நாளில் நடப்பதுதான் நம் பாடம்.

முதல் காவல்: வாசலில் நிற்பவர்

செல்லின் வெளிச்சவ்வில் சில ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறு பாதி சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். வெளிப்பாதி கை, உள்பாதி மணி.

இவர்கள் இன்ன திருடன் என்று ஆளைப் பார்ப்பதில்லை. ஒரு கூட்டத்துக்கே பொதுவாக இருக்கும் அடையாளத்தைப் பார்க்கிறார்கள். பூஞ்சாணங்களின் செல் சுவர் 'கைட்டின்' என்ற பொருளால் ஆனது. நண்டு, இறால் ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின்தான். நெற்பயிரில் கைட்டின் கிடையாது. ஆகவே கைட்டின் துண்டு ஒன்று கையில் தட்டுப்பட்டால், வந்தவர் வெளியாள் என்று உடனே தெரிந்துவிடும். நெல்லில் இந்தக் கைட்டினைப் பிடிக்கும் ஏற்பியை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006ல் அடையாளம் கண்டார்கள். பாக்டீரியாவுக்கும் இதே முறைதான். அது நீந்துவதற்கு வைத்திருக்கும் வாலின் புரதத்தில் வெறும் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு போதும், பயிர் கண்டுகொள்ளும்.

கண்டுகொண்டதும் என்ன நடக்கிறது? கைகள் ஒன்று சேர்கின்றன. உள்பாதி, பக்கத்தில் இருக்கும் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அது அடுத்ததன் மேல் ஒட்டுகிறது. தீப்பந்தத்தைக் கைமாற்றிக்கொண்டே ஓடுகிற மாதிரி சேதி உட்கரு வரைக்கும் போகிறது. சில நிமிடங்களில் செல்லுக்குள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், பாய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற காரமான பொருட்கள் வெளியே கொட்டப்படுகின்றன. துளைத்த இடத்தில் செல் சுவர் தடிக்கிறது. சில மணி நேரத்தில், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்து, கைட்டினை அறுக்கும் நொதிகளையும் மோமிலாக்டோன் போன்ற பூஞ்சாணக் கொல்லிகளையும் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. பயிர் தனக்குத் தானே காய்ச்சும் கஷாயம் என்று சொல்லலாம்.

காற்றில் வரும் எத்தனையோ வித்துகள் நம் பயிரை ஒன்றும் செய்யாமல் போவதற்கு இந்தப் பொதுக் காவல் ஒரு பெரிய காரணம்.

இன்னொரு விஷயம் நமக்கு முக்கியம். நெல்லின் வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூசணத்துக்கும் உடம்பில் கைட்டின்தான். அதையும் பயிர் எதிரி என்று விரட்ட வேண்டுமே? கைட்டின் சேதியைக் கடத்தும் அதே ஏற்பிக் கூட்டாளி, வேரில் இந்த நண்பனை உள்ளே விடும் வேலையிலும் பங்கெடுக்கிறது என்று பின்னால் தெரிந்தது. வாசல் காவல்காரர் திருடனையும் விருந்தாளியையும் பிரித்துப் பார்க்கிறார். மண்ணில் உயிர் இருக்கணும் என்று நாம் சொல்வதைப் பயிர் தன் காவல் முறைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது.

திருடனின் மறுவேலை

வாசலில் காவல் இருப்பது தெரிந்தால் திருடன் சும்மா இருப்பானா? குலைநோய்ப் பூஞ்சாணம் தன் கைட்டின் சுவர்மேல் வேறொரு பூச்சைப் பூசி மறைத்துக்கொள்கிறது. உதிர்ந்த கைட்டின் துண்டுகளைக் காவல்காரரின் கைக்குப் போகும் முன்பே பிடித்து வைத்துக்கொள்ள ஒரு புரதத்தையும் கக்குகிறது. அதோடு, செல்லுக்குள்ளேயே சில கைக்கூலிப் புரதங்களை அனுப்பி, மணி அடிக்கும் கம்பியை அறுத்துவிடுகிறது. வாசல் காவல் அடங்கிப் போகிறது. நோய் தாங்காத ரகம் தோற்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் காவல்: வீட்டுக்குள் இருப்பவர்

தாங்கும் ரகத்தில் இன்னொரு ஏற்பிக் கூட்டம் செல்லுக்குள் காத்திருக்கிறது. நெல்லில் இந்த வகைக்கு மட்டும் சுமார் 500 மரபணுக்கள் இருக்கின்றன. இவர்கள் தேடுவது கைட்டினை அல்ல, திருடன் உள்ளே அனுப்பிய கைக்கூலியை. இன்ன கைக்கூலிக்கு இன்ன காவல்காரர் என்று பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளிவிதைப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த ஹரால்ட் ஃப்ளோர் 1940களிலேயே இந்தப் பொருத்தத்தைக் கண்டு சொன்னார். அப்போது மரபணு எதனால் ஆனது என்பதே உறுதியாகவில்லை. ரகத்தையும் நோயையும் மாற்றி மாற்றி ஒட்டுச் சேர்த்து, கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்.

பொருத்தம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு உதாரணம். பிலிப்பைன்ஸின் 'டடுகன்' என்ற ரகத்தில் 'பை-டா' என்ற காவல் புரதம் இருக்கிறது. அதில் 928 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோர்த்திருக்கின்றன. 918வது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தால் போதும், ரகம் குலைநோயைத் தாங்குவதில்லை. மாலையில் ஒரு பூ மாறினால் காவல் போச்சு.

அடையாளம் கண்டதும் இந்த உள்காவலர்கள் செய்வது கடுமையான காரியம். இவ்வகை ஏற்பி ஒன்றின் வடிவத்தைச் சீன விஞ்ஞானிகள் 2019ல் படம் பிடித்தார்கள். ஐந்து புரதங்கள் கூடி ஒரு சக்கரம் மாதிரி சேர்ந்து, செல்லின் சவ்வில் போய்க் குத்தி நிற்கின்றன. அந்த ஓட்டை வழியாகக் கால்சியம் கொட்டுகிறது. செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. குலைநோய்ப் பூஞ்சாணம் ஆரம்பத்தில் உயிருள்ள செல்லில்தான் வளரும். செல் செத்துவிட்டால் அதற்கு அங்கே சோறு இல்லை. சுற்றியுள்ள செல்களும் உஷாராகிவிடும். ஊர் பிழைக்க ஒரு வீட்டை இழக்கிற கணக்கு.

வாசல் காவலும் உள்காவலும் தனித்தனி வேலை செய்வதில்லை என்பது 2021ல் இன்னும் தெளிவானது. ஒன்று மற்றொன்றுக்கு வலு சேர்க்கிறது. வாசல் காவல் நலிந்திருந்தால் உள்காவலும் முழு வேகத்தில் இயங்காது.

இலையில் படிக்கலாம்

இதையெல்லாம் பார்க்க நுண்ணோக்கி வேண்டியதில்லை. குலைநோய்ப் பருவத்தில் இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

குண்டூசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள் இருந்து, நாள் போகப் போகப் பெரிதாகாமல் அப்படியே நின்றுவிட்டால், அது செல் தன்னை மாய்த்துத் திருடனை அடைத்த இடம். பயிர் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. மருந்து தேடி ஓட வேண்டாம்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் உருண்டையாக, ஓரம் பழுப்பாக நின்றால், சண்டை நடக்கிறது. பூஞ்சாணம் மெல்ல மெல்லத்தான் முன்னேறுகிறது.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, இரண்டு நுனியும் கூராக, கண் வடிவத்தில், நடுவே சாம்பல் நிறமாக இருந்தால், காவல் தோற்றுவிட்டது. அந்தச் சாம்பல் நடுவிலிருந்துதான் அடுத்த வித்துகள் பறக்கும்.

ஒரு எச்சரிக்கை. எள் வடிவத்தில், இலை முழுக்கச் சீராகப் பரவிய பழுப்புப் புள்ளி வேறு நோய். அது செம்புள்ளி. சத்துக் குறைந்த மண்ணில் அதிகம் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோ 39: பூட்டு இருந்தும் திருடு போன வீடு

நம் கோயம்புத்தூரில் உருவாக்கிய 'கோ 39' என்ற நெல் ரகம் உலகம் முழுவதும் குலைநோய் ஆராய்ச்சிக் கூடங்களில் பிரபலம். விளைச்சலுக்காக இல்லீங்க. குலைநோயை நம்பகமாக வாங்கிக்கொள்ளும் என்பதற்காக! ஒரு ரகம் தாங்குகிறதா என்று சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நோய்வாங்கும் ரகமாக இதைத்தான் பக்கத்தில் விதைப்பார்கள்.

அப்படியானால் கோ 39க்குக் காவல்காரரே இல்லையா? இருக்கிறார். அவரைப் பற்றித் தெரிந்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. பூஞ்சாணத்தின் கைக்கூலிப் புரதம் ஒன்றுக்கு 'ஏ.வி.ஆர்.1-கோ39' என்று நம் ரகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கோ 39 அதை அடையாளம் கண்டுவிடும் என்பதால் அந்தப் பெயர்.

கோ 39ல் இந்த வேலையை இரண்டு புரதங்கள் ஜோடியாகச் செய்கின்றன. ஆர்.ஜி.ஏ.4 என்பது செல்லை மாய்க்கும் உத்தரவைப் போடக்கூடியது. ஆர்.ஜி.ஏ.5 அதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆர்.ஜி.ஏ.5ன் வால்பகுதியில், பூஞ்சாணம் வழக்கமாகத் தாக்கும் பயிர்ப் புரதத்தைப் போலவே ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. எலிப்பொறியில் வைத்த கருவாடு மாதிரி. கைக்கூலி அதை வந்து கவ்வியதும் பிடி விடுகிறது, ஆர்.ஜி.ஏ.4 உத்தரவைப் போட்டுவிடுகிறது. இந்தப் பொறி வேலை செய்யும் விதம் 2013, 2014ல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது.

இவ்வளவு நல்ல பொறி இருந்தும் ஏன் கோ 39 தோற்கிறது? நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சாண வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கைக்கூலிப் புரதத்தின் மரபணுவே இல்லை. வேறு புல் இனங்களில் வாழும் பூஞ்சாணத்தில் அது இருக்கிறது. நெல்லுக்கு வரும் பூஞ்சாணம் அதை இல்லாமலே காலம் தள்ளுகிறது. பொறி அப்படியே இருக்கிறது. கருவாட்டைக் கடிக்கிற எலிதான் வருவதில்லை.

இந்தக் கதையைத்தான் ஒவ்வொரு 'நோய் தாங்கும் ரகம்' பற்றிய விளம்பரத்தின் பக்கத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்பேன். ஒரே காவல்காரரை நம்பிய ரகத்தை ஊர் முழுக்க விதைத்தால், அந்த ஒருவருக்கு அகப்படாத பூஞ்சாணம் மட்டும் பிழைத்துப் பெருகும். சில பட்டங்களில் அது ஊர் முழுவதற்கும் போதுமானதாகிவிடும். பழைய ரகம் 'உடைந்துவிட்டது' என்று சொல்லிப் புது ரகம் விற்க வருவார்கள்.

ஆனைக்கொம்பனும் கொரங்குச் சம்பாவும்

இப்போது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று. 'பாரம்பரிய ரகத்துக்கு நோயே வராது' என்று நம் மேடைகளிலும் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை, அப்படிச் சொல்லி ஒரு உழவரை நட்டப்பட வைக்கவும் கூடாது.

தஞ்சைப் பகுதியில் 1919ல் குலைநோய் பெரும் சேதத்தை உண்டாக்கியது. அன்றைக்கு யூரியா மூட்டையும் இல்லை, பசுமைப் புரட்சியும் இல்லை. வயலில் நின்றது பாரம்பரிய நெல்தான். அதன்பிறகு நடந்த ஆய்வுகளில் கொரங்குச் சம்பாவிலிருந்து தேர்வு செய்த ஆடுதுறை 10 குலைநோயில் எளிதாக விழுவதும், ஆனைக்கொம்பனிலிருந்து தேர்வு செய்த கோ 4 தாங்குவதும் தெரிந்தது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்துத்தான் குலைநோய் தாங்கும் கோ 25 உருவானது. இரண்டுமே நம் மண்ணின் நெல். ஒன்றில் பொருத்தமான காவல்காரர் இருந்தார், மற்றதில் இல்லை.

அப்படியானால் பாரம்பரிய ரகங்களின் பெருமை எதில்? எண்ணிக்கையில். ஒவ்வொரு ரகமும் வெவ்வேறு காவல்காரர்களைச் சுமந்து நிற்கிறது. ஒரு ரகம் அழிந்தால் அதில் மட்டும் இருந்த காவல்காரரும் அழிவார். திரும்பச் செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் ஆகாது.

காட்டு நெல்லிலிருந்து காப்புரிமை வரை

பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிரான 'எக்ஸ்.ஏ.21' என்ற ஏற்பியின் பயணத்தைக் கேளுங்கள். இது வாசல் காவலர் வகை. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் தானாக முளைக்கும் ஒரு காட்டு நெல்லில் இருந்தது. அந்த நெல் ஒடிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது, நோய் தாங்குவது தெரிந்தது. அங்கிருந்து பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது, பயிரிடும் நெல்லோடு ஒட்டுச் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவில் பமீலா ரொனால்டின் குழு 1995ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை வாங்கியது. மரபுவளம் தந்த நாடுகளுக்கு உதவ என்று ஒரு நிதியையும் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த நிதியைப் பாராட்டுபவர்கள் பாராட்டட்டும். மாலியின் நீர்நிலைகளில் வளர்ந்த நெல்லின் காவல்காரர் கடல் தாண்டியதும் ஒரு நிறுவனத்தின் சொத்தாக முடிந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. விதைப் பதிவேட்டில் நம் ரகங்களை எழுதி வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அதே எக்ஸ்.ஏ.21 மரபணு மாற்றம் செய்யாமலே நம் நாட்டுக்கும் வந்தது. நாம் 'ஆந்திரா பொன்னி' என்று சொல்லும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, இலைக்கருகலில் எளிதாக விழும். ஐதராபாத்தில் இருக்கும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து, சாதாரண ஒட்டுச் சேர்க்கை முறையிலேயே எக்ஸ்.ஏ.21, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.5 என மூன்று மரபணுக்களை அதில் சேர்த்தார்கள். ஒட்டுக் கன்றுகளில் எதில் அந்த மரபணு வந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' 2008ல் வெளியானது. காவல்காரரை வரவழைக்க மரபணு மாற்றம்தான் வழி என்று சொல்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

"அப்ப எல்லாக் காவல்காரரையும் ஒரே ரகத்துல சேத்துட்டா தீந்துதுல்ல?" என்று ஒரு இளைஞர் கேட்டார். காவலுக்குச் சம்பளம் உண்டு தம்பி. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2003ல் ஒரு சோதனை வெளியானது. நோயே இல்லாத வயலில், ஒரே ஒரு காவல் மரபணு கூடுதலாக வைத்திருந்த செடிகள் 9 சதவீதம் குறைவாக விதை பிடித்தன. அதனால்தான் இயற்கை எல்லாக் காவலர்களையும் ஒரே செடியில் குவிக்காமல், கூட்டம் முழுக்கப் பிரித்து வைத்திருக்கிறது.

வயலே ஒரு உடம்பு

அந்தப் பிரித்து வைக்கும் வழியை வயலில் செய்து பார்த்த பெரிய உதாரணம் சீனாவின் யுன்னான் மாகாணம். அங்கே நல்ல விலை போகும் ஒட்டும் பச்சரிசி நெல் குலைநோயில் அடிக்கடி விழும். குலைநோயை ஓரளவு தாங்கும் வேறு ரகத்தை நான்கு அல்லது ஆறு வரிசை நட்டு, இடையில் ஒரு வரிசை இந்த நெல்லை நட்டார்கள். 1998ல் 812 ஹெக்டேர், 1999ல் 3,342 ஹெக்டேர். ஆயிரக்கணக்கான உழவர்கள் பங்கெடுத்தார்கள். தனியாக நட்ட வயலோடு ஒப்பிட்டால், கலந்து நட்ட வயலில் அந்த நெல்லின் குலைநோய் 94 சதவீதம் குறைவு. அதன் விளைச்சல் 89 சதவீதம் அதிகம். இரண்டாம் ஆண்டு முடிவில் பூஞ்சாண மருந்து அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

காரணம் இப்போது உங்களுக்கே புரியும். ஒரு செடியில் பிறந்த வித்து பறந்து போய் விழும் பக்கத்துச் செடியில் வேறு காவல்காரர் நிற்கிறார். அங்கே அது பொறியில் மாட்டும். உயரமான நெல் வரிசையாக நின்றதால் காற்றும் வெயிலும் பட்டு இலை சீக்கிரம் காய்ந்தது இன்னொரு காரணம். எந்தச் செடியிலும் எதையும் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நம் இடுபொருட்கள் எதைச் செய்யும், எதைச் செய்யாது

பஞ்சகவ்யமோ புளித்த மோரோ, எதைத் தெளித்தாலும் இல்லாத காவல்காரரை உண்டாக்க முடியாது. அது விதையின் வேலை. இருக்கிற காவலை விழிப்பாக வைக்க நம்மால் முடியும். அதற்கு ஆதாரமுள்ள வழிகள் இவை:

1. சூடோமோனாஸ் விதை நேர்த்தி. கிலோ விதைக்கு 10 கிராம். வேரில் குடியேறும் இந்த நல்ல பாக்டீரியா பயிரின் பொதுக் காவலை முன்கூட்டியே உஷார்ப்படுத்துகிறது. நோய் வந்தபின் தெளிப்பதைவிட விதையிலேயே கொடுப்பது மேல்.

2. மணல்சத்து, அதாவது சிலிக்கா. இலையில் சிலிக்கா படிந்தால் குலைநோய் குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியானது. வைக்கோலையும் உமிச்சாம்பலையும் வயலுக்கே திருப்பிக் கொடுத்தால் சிலிக்கா திரும்பி வருகிறது.

3. தழைச்சத்தில் அளவு. யூரியாவுக்கு மட்டும் இல்லை, இது நமக்கும்தான். கோழி எருவையும் பசுந்தழையையும் அளவில்லாமல் போட்டுப் பயிரைக் கருகரு என்று வளர்த்தால் குலைநோய்க்கு இலை போட்டு விருந்து வைத்த மாதிரி.

4. நாற்றங்காலைக் காயவிடாதீர்கள். காய்ச்சலில் நிற்கும் நாற்றில் குலைநோய் அதிகம் பிடிக்கும்.

இந்தப் பட்டத்தில் செய்யும் சோதனை

குழுவுக்கு ஒருவராவது இதைச் செய்து பாருங்கள். ஆய்வு நிலையங்களில் செய்யும் முறையை நமக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறேன்.

நடவு வயலுக்குத் தள்ளி ஒரு மேட்டுப்பாத்தி போடுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் ரகங்களில் 10 அல்லது 15ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் அரை மீட்டர் நீள வரிசையாக, 10 செ.மீ. இடைவெளியில் விதையுங்கள். பாத்தியைச் சுற்றிலும் உங்கள் ஊரில் குலைநோயில் எளிதாக விழும் ரகத்தை இரண்டு வரிசை விதையுங்கள். நோய் அதிலிருந்துதான் பரவ வேண்டும். பனி விழும் காலத்தில் வருமாறு விதைப்பு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்தியில் எருவைத் தாராளமாகப் போடுங்கள், எந்தத் தெளிப்பும் வேண்டாம். சுற்று வரிசை நன்றாகக் கருகியபின், விதைத்த 30, 35ஆம் நாளில் ஒவ்வொரு ரகத்தின் இலையையும் பார்த்து, மேலே சொன்ன மூன்று அடையாளங்களில் எது என்று நோட்டில் எழுதுங்கள்: குண்டூசிப் புள்ளி, உருண்டைப் புள்ளி, கண் வடிவப் புள்ளி. புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் பாத்தியை அறுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

இலையில் தாங்கும் ரகம் கழுத்திலும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே அதே ரகங்களை நடவு வயலில் கதிர் வரும்போதும் பார்த்துக் கழுத்துக் குலைநோயைத் தனியாக எழுத வேண்டும்.

மூன்று பட்டம் தொடர்ந்து எழுதினால், எந்த இரண்டு ரகங்களை அடுத்தடுத்த வரிசையில் நடலாம் என்று உங்கள் நோட்டே சொல்லும். சேர்த்து நடும் ரகங்களுக்கு வயதும் அறுவடை நாளும் ஒத்துப்போக வேண்டும், அதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நோட்டை மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பக்கத்து ஊர்க்காரர் நோட்டோடு வைத்துப் பார்ப்போம். அவர் ஊரில் தாங்கிய ரகம் உங்கள் ஊரில் விழுந்திருந்தால், இரண்டு ஊரிலும் இருப்பது வேறு வேறு பூஞ்சாணம். இரண்டு ஊரும் விதையை மாற்றிக்கொள்ளும்போது அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.